ஓடிப்போனவன் சம்பளம்!

"கணவர் பெயர் என்ன? கணவரின் ஆண்டு வருமானம் எவ்வளவு?"

கல்லூரி உதவித்தொகைக்காக வருமானச் சான்று வாங்கப் போகும் மணமான பெண்ணிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. சாதாரணக் கேள்விகள்தாம். குடும்பம் நடத்துகிறவளுக்கு நொடியில் பதில் வந்துவிடும். கணவனை இழந்தவள் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டுவாள். மணவிலக்குப் பெற்றவளிடம் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. இந்த மூவரிலும் சேராத நாலாவது பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவள் என்ன சொல்வாள்? கணவன் உயிரோடு இருக்கிறான், உடன் இல்லை. தாலி கழுத்தில் இருக்கிறது. கட்டியவன் பெங்களூரிலா, ஆனேக்கல்லிலா, அத்திப்பள்ளியிலா என்பது தெரியவில்லை. அவனுடைய வருமானத்தை அவள் எந்தக் கணக்கில் எழுதுவாள்?

அஞ்செட்டிப் பக்கத்தில் இந்த நாலாவது பெண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுச் சாலையில் இறங்கினால் வருகிற ஊர் அது. ஒரு பக்கம் ஒகேனக்கல், மறுபக்கம் கர்நாடக எல்லை, சுற்றிலும் யானை நடமாடும் காடு. ராகி விளையும், விளைந்ததை யானை தின்றதுபோக மீதி வீடு வந்து சேரும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் விலை பேசும். ஓசூர்த் தொழிற்சாலைகளின் சங்கொலி ஐம்பது கிலோமீட்டர் தள்ளித்தான் ஊதுகிறது என்றாலும், இந்த மலையின் ஆண்களும் பெண்களும் அந்தச் சங்குக்குத்தான் ஓடுகிறார்கள்; அங்கே இடம் கிடைக்காதவர்கள் எல்லை தாண்டிக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். போனவர்களில் பலர் திரும்பி வருகிறார்கள். சிலர் வருவதில்லை. அங்கேயே இன்னொரு குடும்பம், இன்னொரு வாழ்க்கை!

விட்டுச் செல்லப்பட்டவளுக்கு வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருப்பாள். தாய் வீட்டுக்குத் திரும்பி வந்து, "இனிமேலாவது படிக்கிறேன்" என்று சொல்வாள். தளியிலும் ஓசூரிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் மகளிருக்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது. இடம் கிடைத்துவிடும். விடுதிக்கும் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் உதவித்தொகை வேண்டும். உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்றுக்குப் போனால், நாட்டின் எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய பேச்சு தொடங்குகிறது.

"ஏம்மா, புருஷன் இருக்கிறானா, இல்லையா?"

"இருக்கிறார் சார், ஆனா கூட இல்லை."

"அப்படின்னா விவாகரத்து ஆர்டர் கொண்டா."

பேச்சு முடிந்தது. படிப்பும் பெரும்பாலும் அதோடு முடிந்தது!

இதில் சின்ன அதிகாரியை மட்டும் திட்டுவதில் பயனில்லை. மேலே எழுதி வைத்திருப்பதைத்தான் அவர் கீழே படிக்கிறார். 1944-இல் தொடங்கப்பட்டு இன்றும் நடந்துவருவது மத்திய சர்க்காரின் மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம். எத்தனையோ ஆதிதிராவிட, பழங்குடி வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரி விளக்கை ஏற்றிவைத்த திட்டம் அது. அதன் அருமையை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அத்தகைய திட்டங்களின் விதிகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்த குறிப்பு ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கும்வரை அவர்களுடைய வருமானத்தையே பார்க்க வேண்டும்; வேலையில்லாத, மணமான மாணவியானால் கணவனுடைய வருமானத்தைப் பார்க்க வேண்டும்; வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் சேர்க்க வேண்டியதில்லை. இதுதான் அந்தக் குறிப்பின் சாரம். அண்ணன் சம்பளத்தைக் காட்டித் தங்கையின் உதவித்தொகையை மறுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் எழுதியவர் கணவன் "உயிரோடு இருக்கிறானா" என்று கேட்டாரே தவிர, "உடன் இருக்கிறானா" என்று கேட்கவில்லை. அந்த ஒரு சொல் விடுபட்டதால், தாய் வீட்டில் தகப்பன் போடும் ராகிக் களியைத் தின்றுகொண்டு படிக்க நினைக்கிற பெண்ணின் தலையில், எங்கோ இருப்பவனுடைய சம்பளம் ஏற்றி வைக்கப்படுகிறது. பல திட்டங்களுக்கு நீண்ட காலம் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாயாக இருந்து வந்தது. தொழிற்சாலையில் நிரந்தர வேலை பார்ப்பவன் என்றால் அந்தக் கோட்டை எளிதில் தாண்டிவிடுவான். அவள் கைக்கு வருவது ஒரு காசும் இல்லை. காகிதத்தில் மட்டும் அவள் வசதி படைத்தவள்!

"தீர்ப்பு வாங்கி வரட்டுமே, நீதிமன்றம் இல்லையா?" என்று நகரத்து அறிவாளிகள் கேட்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

இந்து திருமணச் சட்டப்படி, கணவன் கைவிட்டான் என்ற காரணத்தைக் காட்டி மணவிலக்குக் கேட்க வேண்டுமானால், கைவிட்டு 2 ஆண்டுகள் தொடர்ந்து கழிந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் வழக்கே. இருவரும் சம்மதித்துப் பிரிவதானால் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிறகு 6 மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தைத் தக்க வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, நல்லதுதான். ஆனால் எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனிடம் சம்மதக் கையெழுத்து எப்படி வாங்குவது? கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1986-இல் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள். அதன் விதியோ, மணவிலக்கோ நீதிமன்றப் பிரிவினையோ இல்லாதவள் 5 ஆண்டுகள் கைவிடப்பட்டு இருந்திருக்க வேண்டும், வயதும் 30 ஆகியிருக்க வேண்டும் என்றது. கோர்ட்டுக்கு 2 ஆண்டு, ஓய்வூதியத்துக்கு 5 ஆண்டு. பட்டப்படிப்போ மொத்தமே 3 ஆண்டு! அவள் "பிரிந்தவள்" என்று சர்க்கார் ஒப்புக்கொள்வதற்குள், அவளோடு பள்ளியில் படித்தவர்கள் பட்டம் வாங்கி வேலைக்கும் போயிருப்பார்கள்.

இந்தக் கணக்கும்கூட முறைப்படி பதிவான திருமணத்துக்குத்தான் எளிதில் பொருந்தும். மலைக் கிராமத்தில் பதிவு எங்கே நடக்கிறது? எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2009-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெண்ணுக்கு வயது பதினாறு என்றால் எந்தத் தகப்பன் பதிவாளர் முன்னே போய் நிற்பான்? 2025 மார்ச்சில் அஞ்செட்டி அருகே ஒரு மலைக் கிராமத்தில், பதினான்கு வயதுச் சிறுமிக்குப் பெங்களூரில் தாலி கட்டி, புகுந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அவள் கதறக் கதறத் தோளில் தூக்கிச் சென்ற காட்சியை நாடே பார்த்துத் தலைகுனிந்தது. போலீஸார் வழக்குப் போட்டார்கள், கைது செய்தார்கள். அந்தக் காட்சி வெளியே வந்தது. வெளியே வராதவை எத்தனையோ! இப்படி இளம் வயதில் கட்டி வைக்கப்பட்டவள், நாலு வருஷம் கழித்துத் தப்பி வந்து கல்லூரிக்கு மனுப் போட்டால், "விவாகரத்து ஆர்டர் கொண்டா" என்பதா? பதிவே ஆகாத கல்யாணத்துக்கு விடுதலைப் பத்திரம் எளிதில் எங்கே கிடைக்கும்? குழந்தைத் திருமணத்தை ரத்து செய்யக் கோரும் உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கிறது. பதினெட்டு நிரம்பி 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்றும் அது கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு இருப்பதையாவது அவளிடம் யார் சொன்னார்கள்?

இவர்கள் சிலரே என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2011 மக்கள் தொகைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் மணவிலக்குப் பெற்றவர்கள் ஏறத்தாழ 13,60,000 பேர். தீர்ப்பு ஏதுமின்றிப் பிரிந்து வாழ்பவர்களோ கிட்டத்தட்ட அதைப்போல மூன்று மடங்கு! காகிதம் உள்ளவன் ஒருவன், இல்லாதவர் மூவர். அந்த ஒருவனை மனத்தில் வைத்து மனுப் படிவத்தை அச்சடித்துவிட்டு, மூவரைப் பார்த்து "நீங்கள் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லையே" என்கிறார்கள். அச்சடித்த கட்டத்தைப் பெரிதாக்கினால் போயிற்று!

இதுவரை கணவனைப் பிரிந்து தானே படிக்க விரும்பும் பெண்ணைப் பற்றிச் சொன்னோம். பிரிந்தவளின் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது இதே முள் மறுபடியும் குத்துகிறது. இங்கே நமது தோழர்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டியிருக்கிறது.

தாய் சித்தாள் வேலை பார்த்துப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்துவிட்டாள். தகப்பன் தொழிற்சாலைத் தொழிலாளி. வேறு இடத்தில் வாழ்கிறான். ரேஷன் அட்டையில் அவன் பெயர் இன்னும் குடும்பத் தலைவராகவே நிற்கிறது. பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். அதற்குப் பெற்றோர் உறுதிமொழி, வீட்டில் உள்ளவர்களின் படிப்புச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். தகப்பன் பள்ளியில் வாங்கிய சர்டிபிகேட் தகப்பனிடம். பிள்ளை போய்க் கேட்டால், "உங்கம்மாவை வந்து கேட்கச் சொல்லு" என்கிறான்! கையெழுத்தை ஆயுதமாக்கிக்கொண்டு, மனைவியின் மீதுள்ள கோபத்தை மகளின் படிப்பின் மீது காட்டுகிற இந்த வீரர்கள் எந்தச் சங்கத்திலும் இருக்கிறார்கள். தொழிற்சாலை வாசலில் உரிமை கேட்டு உரக்க முழங்குகிறவன், வீட்டு வாசலில் ஒரு கையெழுத்துக்கு மகளை ஆறு முறை நடக்க வைக்கிறானே, இது என்ன நியாயம்? கணவன் மனைவி பிரியலாம். ஒத்துவராத வாழ்க்கையிலிருந்து ஆணும் பெண்ணும் விலக உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியிலேயே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட நாடு இது. தகப்பன் பதவியிலிருந்து விலக எந்த மாநாடும் தீர்மானம் போடவில்லை!

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2025 ஜனவரி 2-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் சூரிய காந்த், உஜ்ஜல் புயான் இருவரும் ஒரு வழக்கில் உத்தரவிட்டனர். 26 ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்த தம்பதி; மகள் அயர்லாந்தில் படித்தவள்; தகப்பன் அவள் படிப்புக்குக் கொடுத்த 43 லட்சம் ரூபாயைத் தன்மானத்தோடு திருப்பிக் கொடுக்க முன்வந்தாள்; அவன் வாங்க மறுத்துவிட்டான். படிப்புச் செலவைப் பெற்றோரிடமிருந்து பெறுவது மகளின் மறுக்க முடியாத உரிமை, சட்டப்படி வசூலிக்கத்தக்க உரிமை என்று நீதிமன்றம் உரைத்தது. 43 லட்சம் நமது பேச்சுக்கு எட்டாத தொகை. உரிமை என்னவோ அயர்லாந்துக்கும் அஞ்செட்டிக்கும் ஒன்றுதான். ஜீவனாம்சம் கேட்கும் வழக்கைப் பெண் தான் வாழும் இடத்திலேயே போடலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. கணவன் கர்நாடகத்தில் இருக்கிறான் என்பதால் அவள் கர்நாடகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2020 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, இரு தரப்பும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். ஆக, அவன் சம்பளத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நீதிமன்றம் அவனிடமே விடுகிறது. உதவித்தொகை மனுவோ அந்தப் பொறுப்பை அவன் கைவிட்டவளிடம் விடுகிறது!

பிரிந்தவர்களுக்குச் சலுகை கொடுத்தால், சேர்ந்து வாழ்பவர்களும் பிரிந்ததாகப் பொய் சொல்லிப் பணம் வாங்குவார்கள் என்று ஒரு வாதம் எழும். எழட்டும். கிராமத்தில் எவன் எவளோடு வாழ்கிறான் என்பது டீக்கடைப் பெஞ்சுக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவனுக்குத் தெரியும், நூறு நாள் வேலைக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த சேதி சர்க்காருக்கு மட்டும் தெரியாதாம்! கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் ஒரு நாள் நேரில் வந்து, அக்கம்பக்கத்தாரிடம் நாலு கேள்வி கேட்டு எழுதினால் உண்மை வெளிப்பட்டுவிடும். பொய் சொல்பவருக்குத் தண்டனை கொடுக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு பொய்யனைப் பிடிக்க ஒன்பது உண்மைக்காரிகளைப் பட்டினி போட வேண்டியதில்லை.

பணநாயகத்தின் கோட்டை என்று நாம் ஓயாமல் சாடும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரி உதவிக்கான மத்திய அரசு மனுவில், மணமானவர், மணவிலக்குப் பெற்றவர் என்பவற்றோடு "பிரிந்து வாழ்பவர்" என்பதும் தனி நிலை. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. இருவரும் ஒரே வீட்டில் வாழவில்லை என்பது உண்மையாக இருந்தால் போதும். பிரிந்து வாழும் மாணவியிடம் கணவனின் வருமானத்தைக் கேட்பதில்லை. பிரிந்த பெற்றோரின் பிள்ளையானால், 2024–25 கல்வியாண்டு முதல், கடந்த ஓராண்டில் பிள்ளைக்கு அதிகப் பணம் கொடுத்தவர் யாரோ அவருடைய வருமானத்தையே கணக்கில் எடுக்கிறார்கள். பணம் கொடுத்தவர் யார்? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி! தாலி கட்டியவர் யார் என்பதில்லை. டாலர் தேசத்துக்கு விளங்கிய இந்தச் சின்ன விஷயம் நமது தலைமைச் செயலகங்களுக்கு விளங்காதா?

நம் வீட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. பின்னாளில் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அந்தத் திட்டத்தைத்தான் 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். செப்டம்பர் 5-இல் "புதுமைப்பெண்" என்ற பெயரோடு அது தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே. தகப்பன் சம்பளம் என்ன, கணவன் சம்பளம் என்ன என்று வருமான வரம்பு வைத்து வடிகட்டவில்லை. நீ எங்கே படித்தாய், இப்போது எங்கே படிக்கிறாய் என்பதே கேள்வி. தாலித் தங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த பணம் படிப்புக்குத் திரும்பிய இந்த மாற்றம், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அம்மையாரின் பெயருக்குப் பொருத்தமானது. ஆனால் ஆயிரம் ரூபாயில் விடுதிச் செலவு அடங்காது. மீதிக்கு அவள் மறுபடியும் வருமானச் சான்றுப் படியில்தான் ஏற வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய கஜானா ஒதுக்கீடு எதுவுமில்லை. உதவித்தொகை மனு ஒவ்வொன்றிலும் "பிரிந்து வாழ்பவர்" என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் குறியிட்டவரிடம் மணவிலக்குத் தீர்ப்புக் கேட்கக் கூடாது. பிரிந்து இத்தனை ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற கெடு படிப்பு விஷயத்தில் கூடாது. அவளுக்கு உண்மையில் சோறு போடுகிறவர் யாரோ அவருடைய வருமானத்தை மட்டும் சேர்க்க வேண்டும். கணவனால் கைவிடப்பட்ட பெண் என்று வருவாய்த் துறை கொடுக்கும் சான்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். அந்தச் சான்று கையில் இருந்தால் கணவனின் வருமானத்தைப் பற்றி எந்தக் கல்லூரி அலுவலகமும் வாய் திறக்கக் கூடாது என்று ஓர் அரசாணை வந்தால் போதும். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் 2022-இல் நல வாரியமே அமைத்திருக்கிறார்கள். அந்த வாரியம் முதலில் எடுத்துப் பேச வேண்டிய கோரிக்கை இது.

அரசாணை வரும்வரை கிளைத் தோழர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே, உங்கள் ஊரில் இந்த நாலாவது பெண் யார் யார் என்று பார்த்து வையுங்கள். ஜமாபந்தி நடக்கும் பருவமும் அதை ஒட்டித்தான் வருகிறது. கிராமக் கணக்குகளெல்லாம் மேசைக்கு வரும் அந்த நாட்களில், அவளுடைய மனுவை எழுதி, அக்கம்பக்கத்தார் நால்வர் கையெழுத்தோடு, நீங்களே உடன் போய்க் கொடுங்கள்; மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பாராமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். ஓசூர் ஆலைகளில் இருக்கும் தோழர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. உங்கள் பிரிவில், மனைவியைப் பிரிந்து வாழ்ந்துகொண்டு மகளின் மனுவில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கும் ஆள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் நாலு பேர் போய் அவனருகே உட்காருங்கள். பேனாவையும் கொண்டு போங்கள்.